நூலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே

நேர் என்று எண்ணப்படும் பல பொருள்கள் உண்மையில் நேராக இல்லை; தட்டை என்று எண்ணப்படும் பல பரப்புகள் தட்டையாக இல்லை. கொத்தனாரின் ரசமட்டத்துக்குள் இருக்கும் சிறு குழல், தச்சரின் இரும்பு அளவுநாடா, தார்ச்சாலையின் மேற்பரப்பு, தம்புராவின் குதிரை ஆகிய ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு வளைவு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. அது அழகுக்காகச் சேர்த்ததும் அன்று, கைத்தவறால் நேர்ந்ததும் அன்று. அந்த வளைவை எடுத்துவிட்டால் ரசமட்டம் மட்டம் காட்டாது. அளவுநாடா நீட்டிய இடத்தில் நிற்காது. சாலையில் மழைநீர் தேங்கும். தம்புராவின் நாதம் வறண்டுபோகும். அதே வளைவைச் சற்று மிகுதியாக வைத்தாலோ வேறொரு குறை தலைதூக்கும். ஆகவே இத்தகைய வளைவுகளைப் புரிந்துகொள்ள, வளைவு இருக்கிறதா என்று கேட்பதைவிட, அது எவ்வளவு, எந்த இரண்டு குறைகளுக்கு நடுவே அந்த அளவு முடிவு செய்யப்பட்டது என்று கேட்பதே பயன் தரும்.

மெல்லிய வளைவை அளப்பது எப்படி?

‘இலேசான வளைவு’ என்னும் சொல் ஆளுக்கு ஆள் வேறு பொருள் தரும் என்பதால், கணிதம் அதற்கு ஓர் எண்ணைத் தருகிறது. வளைந்த கோட்டின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அப்பகுதியோடு மிக நெருங்கிப் பொருந்தும் வட்டத்தைக் கண்டால், அவ்வட்டத்தின் ஆரமே வளைவின் அளவுகோல் ஆகிறது. ஆரம் குறையக் குறைய வளைவு கூர்மையாகும். ஆரம் கூடக் கூட அது நேர்கோட்டை நெருங்கும். ஒன்றை ஆரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு வளைமை என்று பெயர். நேர்கோட்டின் வளைமை சுழியம்.

ஆனால் ஆயிரம் மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவின் மையத்துக்குச் சென்று யாரும் அளந்துகொண்டிருக்க முடியாது. இதற்கு ரயில் பாதைப் பணியாளர்கள் கையாளும் வழி மிக எளியது. வளைவில் செல்லும் தண்டவாளத்தின் பக்கவாட்டில் இரண்டு புள்ளிகளைத் தொடுமாறு 20 மீட்டர் நீள நூலை இறுக்கிப் பிடித்து, நூலின் நடுப்பகுதிக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளக்கின்றனர். கணிதத்தில் அந்த நூல் நாண் எனப்படும். இடைவெளி வில்லின் உயரம் ஆகும். ரயில்வேயில் இதை ‘வெர்சைன்’ என்பர். நாணின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் இந்த உயரம் கிடைத்துவிடும். ஆரம் 1,000 மீட்டர் எனில் 20 மீட்டர் நூலில் இடைவெளி 50 மில்லிமீட்டர். நூலைப் பாதியாகக் குறைத்தால் இடைவெளி பாதியாகாமல் கால் பங்காகி, 12.5 மில்லிமீட்டருக்கு இறங்கும். ஒரு மீட்டர் நூலில் அது 0.125 மில்லிமீட்டர் மட்டுமே. அருகில் நின்று பார்ப்பவருக்குத் தண்டவாளம் நூல் பிடித்தாற்போல் நேராகத் தோன்றுவதற்கும், தொலைவில் நின்று நோக்குபவருக்கு அது வளைந்து செல்வது புலப்படுவதற்கும் காரணம் இதுவே.

ரசமட்டத்தின் ரகசியம்

பிரான்ஸ் நாட்டு அறிஞர் மெல்கிசெடெக் தெவெனோ 1661ஆம் ஆண்டளவில் உருவாக்கியதாக அறியப்படும் ரசமட்டம், திரவம் நிரப்பி ஒரு குமிழியை மட்டும் விட்டு மூடப்பட்ட குழல் ஆகும். குமிழி திரவத்தைவிட இலேசானது என்பதால் எப்போதும் குழலின் மிக உயர்ந்த இடத்தையே நாடும். குழல் முற்றிலும் நேராக இருந்தால், அது மட்டமாக இருக்கும்போது உயர்ந்த இடம் என்று தனியே ஒன்று இராது. மிகச் சிறு சாய்வு ஏற்பட்டாலும் குமிழி ஒரு முனைக்கு ஓடிவிடும். எந்தப் பக்கம் சாய்வு என்பது தெரியுமே தவிர, எவ்வளவு சாய்வு என்பது தெரியாது. எனவே குழலின் உட்புற மேல்பகுதி இலேசாக மேல்நோக்கி வளைக்கப்படுகிறது. நடுப்பகுதி மிக உயர்ந்த இடமாகிவிடுவதால், மட்டத்தில் குமிழி அங்கே நிற்கிறது; சாய்வு ஏற்பட்டால் அதற்கேற்ற தூரம் நகர்ந்து, மீண்டும் அசையாமல் நிற்கிறது.

குமிழி நகரும் தூரம், வளைவின் ஆரத்தைச் சாய்வால் பெருக்கிக் கிடைப்பது. ஆரம் ஒரு மீட்டர் எனில், மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சாய்வுக்குக் குமிழியும் ஒரு மில்லிமீட்டர் நகரும். இயந்திரங்களை நிறுவுவோர் பயன்படுத்தும் நுண்ணிய மட்டத்தில் ஆரம் 100 மீட்டர் என்று கொண்டால், மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் என்னும் சிறு சாய்வும் குமிழியை 2 மில்லிமீட்டர் நகர்த்திக் காட்டிவிடும். 5 சென்டிமீட்டர் நீளக் குழலில் முதல் வகை வளைவின் உயரம் 0.3 மில்லிமீட்டர்; இரண்டாம் வகையில் அது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று பங்கு, அதாவது தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு. வளைவு குறையக் குறையக் கருவியின் நுட்பம் கூடும். அதே வேளையில் குமிழி நிலைகொள்ள நேரம் பிடிக்கும், கை நடுங்கினாலும் ஓடும். சுவர் எழுப்புபவருக்கு அத்தனை நுட்பம் தொல்லையே. ஆகவே எந்த வேலைக்கு எந்த வளைவு என்பது கருவியைச் செய்யும்போதே தீர்மானிக்கப்படுகிறது. கையில் உள்ள ரசமட்டம் சரியாகக் காட்டுகிறதா என்று அறிய, ஒரே இடத்தில் அதை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, முனை மாற்றித் திருப்பி வைத்துப் பார்த்தால் போதும். இரண்டு முறையும் குமிழி ஒரே பக்கம் ஒரே அளவு நின்றால் கருவியில் பிழை இல்லை, பரப்பில்தான் சாய்வு.

ரசமட்டம் மட்டத்தைக் காட்டினாலும், எல்லா இடத்திலும் மட்டம் வேண்டும் என்பதில்லை. மொட்டை மாடியிலும் குளியலறையிலும் தண்ணீர் வழிந்தோடக் கொத்தனார்கள் வாட்டம் விடுவது போலவே, சாலையிலும் நடுப்பகுதி ஓரங்களைவிட உயரமாக அமைக்கப்படுகிறது. ஏழு மீட்டர் அகலச் சாலையில் நடுவிலிருந்து இருபுறமும் 2.5 சதவீதச் சரிவு கொடுத்தால், நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒன்பது சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. சரிவு இதைவிட மிகவும் குறைந்தால் நீர் தேங்கித் தாரைப் பெயர்க்கும். மிகவும் கூடினால் பாரம் ஏற்றிய வண்டிகள் ஓரம் நோக்கிச் சாயும். மழை மிகுந்த பகுதிகளில் சரிவைச் சற்றுக் கூட்டி அமைக்கப் பொறியியல் விதிகளே இடம் தருகின்றன.

தகட்டுக்கு வலிமை தரும் வளைவு

இரும்பு அளவுநாடாவை நீட்டிப் பிடித்தால், தாங்குவதற்கு எதுவும் இல்லாமலே அது வெகுதூரம் விறைப்பாக நிற்கும். அத்தனை மெல்லிய தகட்டுக்கு அந்த விறைப்பைத் தருவது அதன் குறுக்கே உள்ள இலேசான குழிவு. 25 மில்லிமீட்டர் அகலமும் 0.1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள நாடாவில், ஓரங்களைவிட நடுப்பகுதி 2 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், தட்டையான அதே தகட்டைவிட அது வளைவதை ஏறத்தாழ 400 மடங்கு எதிர்க்கிறது. குழிந்த பக்கம் மேலே இருக்குமாறு பிடித்தால் நாடா நீண்டதூரம் நிற்கும். கவிழ்த்துப் பிடித்தால் விரைவில் மடங்கிவிடும். எடையால் முனை தாழும்போது தகட்டின் மேற்பகுதி இழுபடுவதும் அடிப்பகுதி நெருக்கப்படுவதும் இயல்பு; கவிழ்த்த நிலையில் மெல்லிய ஓரங்கள் கீழே வந்து நெருக்குதலை ஏற்க நேர்வதால் அவை நெளிந்துவிடுகின்றன.

இதன் அடிப்படையை விளக்கும் தேற்றத்தை ஜெர்மானியக் கணிதவியலாளர் காவுஸ் 1827இல் அளித்தார். ஒரு பரப்பை இழுக்காமலும் சுருக்காமலும் மட்டும் வளைத்தால், ஒரு புள்ளியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு முதன்மைத் திசைகளின் வளைமைகளைப் பெருக்கிக் கிடைக்கும் எண் மாறுவதில்லை என்பது அத்தேற்றத்தின் சாரம். தட்டைத் தகட்டுக்கு அந்த எண் சுழியம். எனவே ஒரு திசையில் அது வளைந்திருந்தால் மற்றத் திசையில் நேராகவே இருந்தாக வேண்டும். குறுக்கே வளைந்துவிட்ட நாடா நீளவாக்கில் வளைய வேண்டுமானால், உலோகம் நீளவோ சுருங்கவோ வேண்டும். அதற்கு மிகுந்த விசை தேவை. கூரைக்கு இடும் நெளிதகடு இதே விதியால்தான் பாரம் தாங்குகிறது. அதற்கான காப்புரிமையை இங்கிலாந்தின் ஹென்ரி பால்மர் 1829இல் பெற்றார். பெரிய ஓலையைத் தாங்கும் பனைமட்டையின் மேற்புறம் குழிந்திருப்பதிலும் இதே பயன் உண்டு. நாடாவின் குழிவு மேலும் ஆழமானால் விறைப்பு கூடும் என்பது உண்மையே. ஆனால் அப்போது அதைச் சுருட்டிப் பெட்டிக்குள் அடக்க முடியாது.

ரயில் செல்லும் பாம்புப் பாதை

ரயில் வண்டியில் எதிரெதிரே உள்ள இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டவை. ஒன்று ஒருமுறை சுற்றினால் மற்றதும் ஒருமுறையே சுற்றும். வளைவிலோ வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளமானது. இந்தச் சிக்கலைத் தீர்ப்பது, சக்கரத்தின் உருளும் பரப்பு கூம்புபோலச் சாய்ந்திருப்பதே. வழக்கமான சாய்வு இருபதுக்கு ஒன்று. அதாவது குறுக்கே 20 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஆரம் ஒரு மில்லிமீட்டர் மாறும். வண்டி வளைவில் நுழைந்ததும் அச்சு சற்று வெளிப்புறம் ஒதுங்குகிறது. வெளிச் சக்கரம் தன் பருத்த பகுதியிலும், உள் சக்கரம் தன் சிறுத்த பகுதியிலும் உருளத் தொடங்குகின்றன. இந்திய அகலப் பாதையில் 915 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு, 1,000 மீட்டர் ஆர வளைவில் இவ்வாறு ஒதுங்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் என்று கணக்கு காட்டுகிறது. அதனால் இரு சக்கரங்களின் ஆரத்திலும் ஏற்படும் மாற்றம் 0.4 மில்லிமீட்டர் மட்டுமே. அத்தனை பாரமுள்ள வண்டியைத் திருப்பிக்கொண்டு செல்ல அது போதுமானதாக இருக்கிறது. சக்கரத்தின் உட்புறம் துருத்தி நிற்கும் விளிம்பு, வண்டி தடம் புரளாமல் காக்கும் கடைசித் தடுப்பே ஒழிய, மென்மையான வளைவுகளில் வண்டியைத் திருப்புவது அது அன்று.

இதே கூம்பு வடிவம் நேர்ப்பாதையில் ஒரு பக்கவிளைவையும் உண்டாக்குகிறது. ஏதோ ஒரு காரணத்தால் அச்சு ஒருபுறம் ஒதுங்கினால், ஆர வேறுபாடு அதை நடுவுக்குத் திருப்புகிறது. ஆனால் அது நடுவில் நிற்காமல் மறுபுறம் கடந்து, மீண்டும் திரும்புகிறது. இவ்வாறு அச்சு வரையும் அலையின் நீளத்தைக் கணக்கிடும் முறையை ஜெர்மானியரான கிளிங்கல் 1883இல் வகுத்தார். மேலே கூறிய அளவுகளுக்கு அந்த நீளம் ஏறத்தாழ 18 மீட்டர். மிதமான வேகத்தில் இந்தப் பாம்பு நெளிவு தானே அடங்கிவிடும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். சாய்வு கூடுதலாக இருந்தால் அந்த எல்லை விரைவிலேயே வந்துவிடும். 1964இல் ஓடத் தொடங்கிய ஜப்பானிய அதிவேக ரயிலின் சக்கரங்களுக்கு நாற்பதுக்கு ஒன்று என்று சாய்வு பாதியாகக் குறைக்கப்பட்டது இதனால்தான்.

பாதையைத் திருப்பும் முறையிலும் இத்தகைய நுட்பம் உண்டு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் 400 மீட்டர் ஆர வளைவில் செல்லும் வண்டிக்குள் இருப்பவர், புவியீர்ப்பின் பத்தில் ஒரு பங்குக்கு நிகரான பக்கவாட்டுத் தள்ளலை உணர்வார். நேர்ப்பாதையை வட்ட வளைவோடு நேரடியாகச் சேர்த்துவிட்டால், பாதையில் முறிவு எதுவும் தெரியாவிட்டாலும், அந்தத் தள்ளல் ஒரே நொடியில் முழு அளவில் வந்து தாக்கும். நின்றுகொண்டிருப்பவர் தடுமாறுவார், தண்டவாளமும் தேயும். எனவே இரண்டுக்கும் நடுவே, வளைமை சுழியத்தில் தொடங்கிச் செல்லச் செல்லச் சீராகக் கூடும் இணைப்பு வளைவு அமைக்கப்படுகிறது. ஆய்லர் 1744இல் வளையும் பட்டைகளைப் பற்றி ஆராய்ந்தபோது விவரித்த சுருள்வடிவம் இதற்கு மிகப் பொருத்தமானது; இந்திய ரயில்வே அதற்கு மிக நெருங்கிய முப்படிப் பரவளையத்தைப் பயன்படுத்துகிறது. கார் ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சீராகத் திருப்பிக்கொண்டே போகும்போது, அறியாமலே அதே சுருளைத்தான் சாலையில் வரைகிறார்.

தம்புராவின் குதிரை

தம்புராவிலும் வீணையிலும் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேற்பரப்பு, வயலினின் குதிரை போல மெல்லிய விளிம்பாக இராமல் அகலமாகவும் இலேசாக வளைந்தும் இருக்கும். வீணையில் மரக் குதிரையின் மேல் உலோகத் தகடு பொருத்தப்படும். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவா எனப்படும் நூல் செருகப்படும். தந்தி அதிரும்போது அது இந்த வளைந்த பரப்பைத் தொட்டும் விட்டும் செல்வதால், அதிர்வின் ஒவ்வொரு சுற்றிலும் தந்தியின் உண்மையான நீளம் சிறிது மாறிக்கொண்டே இருக்கிறது. இந்த ஓயாத உரசலிலிருந்தே ரீங்காரம் பிறக்கிறது.

இதை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் சி. வி. ராமன். தந்தி ஓரிடத்தில் மீட்டப்பட்டால், அந்த இடத்தில் அசையாப் புள்ளியைக் கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரின் பெயரால் வழங்கும் விதி. மேற்சுரம் என்பது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும், அதன் அதிர்வெண்ணின் மடங்குகளான ஒலி. வீணையிலும் தம்புராவிலும் அவ்வாறு ஒலிக்கக்கூடாத மேற்சுரங்களே வலுவாக ஒலிப்பதைக் கண்ட ராமன், அதற்குக் காரணம் குதிரையின் வளைவே என்று 1921இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். இங்கும் அளவே எல்லாம்: பரப்பு மிகவும் வளைந்திருந்தால் தந்தி ஒரே புள்ளியில் தங்கி, உரசல் இன்றி வறட்டு ஒலி எழும், மிகவும் தட்டையாக இருந்தால் தந்தி பரப்பில் படிந்து இரைச்சலாகி விரைவில் அடங்கிவிடும். கைவினைஞர் பரப்பைச் சிறிது அராவி, தந்தியை மீட்டிக் கேட்டு, மறுபடியும் அராவி நாதம் கொண்டுவருகிறார். தம்புராவில் எஞ்சும் நுண்சரிசெய்தலை ஜீவா நூலை முன்னும் பின்னும் நகர்த்திச் செய்கின்றனர்.

பெரிதாக்கி வரைந்த கிரேக்கர்

கி.மு. 447இல் கட்டத் தொடங்கப்பட்ட ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலின் அடித்தளம், ஏறத்தாழ 70 மீட்டர் நீளப் பக்கத்தில் நடுவே 11 சென்டிமீட்டர் அளவுக்கு மேலெழுந்திருக்கிறது. தூண்களின் உடலும் இலேசாகப் புடைத்திருக்கிறது. ஆங்கிலேயரான பென்ரோஸ் இவற்றை நுட்பமாக அளந்து 1851இல் வெளியிட்டார். மழைநீர் வடிவதற்காக என்றும், நீண்ட நேர்கோடு தொய்ந்ததுபோல் கண்ணுக்குத் தோன்றுவதைச் சரிசெய்வதற்காக என்றும் இதற்குக் காரணங்கள் கூறப்படுகின்றன. இரண்டாவது விளக்கம் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் காலத்திலிருந்தே வருவது.

உயரமான தூணில் இத்தனை சிறிய புடைப்பை அக்காலத்தவர் எப்படி வரைந்தனர் என்பதற்கு, இன்றைய துருக்கியில் உள்ள டிடிமா அப்பல்லோ கோயிலில் சான்று கிடைத்தது. லோதர் ஹாசல்பெர்கர் என்னும் ஆய்வாளர் 1979இல் அக்கோயிலின் சுவர்களில் மெல்லிதாகக் கீறப்பட்ட கட்டுமான வரைபடங்களைக் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்றில் தூணின் அகலம் உண்மை அளவிலும், உயரம் மட்டும் பதினாறில் ஒரு பங்காகவும் வரையப்பட்டிருந்தது. அதாவது ஓர் அடி உயரத்துக்கு ஒரு விரற்கடை. உயரம் இவ்வாறு சுருங்கியதும், புலப்படாதிருந்த புடைப்பு கவராயத்தால் வரையத்தக்க வில்லாக வெளிப்பட்டுவிட்டது. ஒவ்வோர் உயரத்திலும் தூணின் அகலத்தை அந்த வில்லிலிருந்து அப்படியே அளந்தெடுத்துக் கல்லில் செதுக்கினர். மெல்லிய வளைவை விவரிக்க, ஒரு திசையைச் சுருக்கி மற்றொன்றை அப்படியே விடுவது இன்றைய பொறியியல் வரைபடங்களிலும் நடைமுறையில் உள்ளது.

கையின் கணக்கு

பொருள்களில் மட்டுமன்றி உடலின் அசைவிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. மேசையில் இருக்கும் குவளையை எடுக்கக் கை நீளும்போது அது ஏறத்தாழ நேராகச் சென்றாலும், வேகம் மெல்லத் தொடங்கி, நடுவழியில் உச்சம் தொட்டு, மெல்ல அடங்குகிறது. முடுக்கம் மாறும் விதத்தை இயன்றவரை மென்மையாக்குவதே இவ்வசைவின் விதி என்று தாமர் ஃப்ளாஷும் நெவில் ஹோகனும் 1985இல் ஒரு கணித மாதிரியை முன்வைத்தனர். அதற்கு முன், 1983இல் லாக்வானிட்டி, டெர்சுவோலோ, விவியானி ஆகிய மூவர், வளைகோடு வரையும் கையின் வேகம் வளைவின் ஆரத்தோடு குறிப்பிட்ட உறவில் மாறுவதைக் கண்டறிந்திருந்தனர். அந்த உறவின்படி ஆரம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால் கையின் வேகம் பாதியாகும்.

சிக்குக் கோலம் போடும் கையில் இதைக் கவனிக்கலாம். புள்ளிகளுக்கு இடையே நீண்டு செல்லும்போது விரையும் கை, ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்புகையில் தளர்கிறது. விரல்களிலிருந்து மாவு ஒரே சீராக விழுந்தால், தளரும் இடத்தில் கோடு தடித்துவிடும். பழகிய கை திருப்பங்களில் மாவையும் சற்று இறுக்கிப் பிடிப்பதால்தான் கோடு எங்கும் ஒரே பருமனாக அமைகிறது. கண்ணும் இந்த விதிக்குப் பழகியதே: திரையில் ஒரு புள்ளி உண்மையில் மாறாத வேகத்தோடு வளைபாதையில் சென்றால் அது சீரற்றதாகத் தோன்றுவதையும், கையின் விதிப்படி வேகம் மாறினால்தான் சீராகத் தோன்றுவதையும் விவியானியும் ஸ்டுக்கியும் 1992இல் காட்டினர். அசைவுகளை விற்பாதையில் அமைக்க வேண்டும் என்பதை அனிமேஷன் கலையின் பன்னிரண்டு அடிப்படைகளுள் ஒன்றாக டிஸ்னியின் மூத்த ஓவியர்கள் 1981இல் எழுதிய நூலில் சேர்த்ததும் இதனோடு ஒத்துப்போகிறது.

தேய்ந்தால் தெரியாது

இத்தகைய வளைவுகளின் பலமும் பலவீனமும் அவற்றின் சிறுமையே. சில மில்லிமீட்டரிலோ அதற்கும் குறைவாகவோ இருப்பதால், அவை அழியும்போதும் யாருக்கும் தெரிவதில்லை. தேய்ந்து வடிவம் மாறிய ரயில் சக்கரம் வெளிப்பார்வைக்கு வட்டமாகவே இருக்கும்; அதனால்தான் அதைக் குறித்த காலத்தில் அளந்து, கடைசல் இயந்திரத்தில் கடைந்து பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகின்றனர். தந்தி உரசிப் பள்ளம் விழுந்த குதிரை மறுபடியும் அராவப்படுகிறது. ஆனால் சாலை போன்ற இடங்களில் இந்தக் கவனம் எளிதில் தவறிவிடுகிறது: பழைய சாலையின் மேல் புதிய தார் இடும்போது வாட்டத்தைப் பார்க்காமல் விட்டால், பளபளப்பான புதுச் சாலையில் முதல் மழையிலேயே நீர் தேங்கும், பழி தாரின் தரத்தின் மீது விழும். ஒரு நூலையும் அளவுகோலையும் குறுக்கே வைத்துப் பார்ப்பதற்கு ஆகும் நேரமோ சில நிமிடங்களே.